ஊதியமும் ஈடுபாடும்

(அறக்கட்டளை ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தொழில் வெற்றிக்குப் பணியாளர் ஈடுபாடு ஏன் இன்றியமையாதது என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. மேலாண்மை கற்றவர் பேச வேண்டிய பொருளைத் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்ற என்னிடம் ஏன் ஒப்படைத்தார்கள் என்று முதலில் வியந்தேன். பிறகு எண்ணிப் பார்த்தபோது, ஆசிரியனுக்கும் இப்பொருளில் பேசச் சிறிது உரிமை உண்டு என்று தோன்றியது. வருகைப் பதிவேட்டில் ஒரு மாணவனுக்கு நேராகக் குறியிடும்போது அவன் உடல் வந்திருப்பதை மட்டுமே நாங்கள் பதிகிறோம். அவன் மனம் வந்திருக்கிறதா என்பதைக் காட்டும் பதிவேடு இன்னும் அச்சாகவில்லை. கடையிலும் ஆலையிலும் அலுவலகத்திலும் நிலைமை இதுதான். ஆள் வந்திருக்கிறார், மனம் வந்திருக்கிறதா? அதுவே இன்றைய பேச்சு.

தமிழாசிரியன் ஆகையால் ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறேன். திருக்குறளில் 'ஊதியம்' என்னும் சொல் பேறு, இலாபம் என்னும் பொருளில் வருகிறது. இன்று அதே சொல்லைப் பணியாளர் பெறும் சம்பளத்துக்கு வழங்குகிறோம். முதல் போட்டவர் பெறுவதையும் உழைத்தவர் பெறுவதையும் நம் மொழி ஒரே சொல்லால் குறித்திருக்கிறது. இருவர் ஊதியமும் ஒரே ஊற்றிலிருந்து வருபவை என்பதை இச்சொல் நமக்கு நினைவூட்டுகிறது.

நான் நாஞ்சில் நாட்டைச் சேர்ந்தவன். எனவே சான்றுகளையும் கூடியவரை அப்பக்கத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறேன்.

கணக்கில் ஏறாத உழைப்பு

தமிழ்நாட்டில் ரப்பர் மிகுதியாக விளையும் மாவட்டம் கன்னியாகுமரி. குலசேகரம், கீரிப்பாறை, பேச்சிப்பாறைப் பக்கங்களில் மலைச்சரிவெங்கும் ரப்பர்த் தோட்டங்களைக் காணலாம். பால்வெட்டும் தொழிலாளி விடியும் முன்பே மரத்தடிக்குச் சென்றுவிடுவார். வெயில் ஏறிய பின் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதே காரணம். ஒருவர் ஒரு நாளில் வெட்டும் மரங்கள் முந்நூறு அளவில் இருக்கும்.

இத்தொழிலின் நுட்பம் கத்தி பட்டையில் இறங்கும் ஆழத்தில் இருக்கிறது. பால்குழாய்கள் பட்டையின் உட்பகுதியில், மரத்தை ஒட்டியே செறிந்துள்ளன. மேலாக வெட்டினால் பால் குறைவு. ஆழமாக வெட்டி உள்ளிருக்கும் வளர்படலத்தில் காயம் பட்டுவிட்டால், அங்கே புதுப்பட்டை சீராக வளராது. முண்டும் முடிச்சுமாகிப் பின்னாளில் கத்தி வைக்க முடியாத இடமாகிவிடும். நடுவே இருக்கும் இடைவெளி ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். அரையிருளில், தலையில் கட்டிய விளக்கின் ஒளியில், கையின் உணர்வு ஒன்றையே நம்பி அந்த அளவைக் காக்க வேண்டும்.

தோட்டக்காரர் அவ்வேளையில் வீட்டில் உறங்கிக்கொண்டிருப்பார். மரத்துக்கு ஒரு மேற்பார்வையாளரை நிறுத்த எவராலும் இயலாது. அன்று சேர்ந்த பால் கணக்கில் ஏறும். அன்று காயம்பட்ட பட்டை ஏறாது. ஏழாண்டு வளர்த்து, அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேல் பயன் தர வேண்டிய மரம் அது. அதன் வாழ்நாள் முழுவதும், யாரும் பாராத இருளில் ஒரு தொழிலாளி காட்டும் கவனத்தைப் பொறுத்திருக்கிறது. அந்தக் கவனத்துக்குப் பெயர்தான் ஈடுபாடு. சட்டத்தாலோ கண்காணிப்பாலோ அதனைக் கறந்துவிட முடியாது.

ரப்பருக்குச் சொன்னது துணிக்கடைக்கும் பொருந்தும். ஒரு வாடிக்கையாளர் வந்து, தாம் தேடிய நிறத்தில் சேலை இல்லை என்று திரும்பிப் போகிறார். கல்லாவில் இருக்கும் முதலாளிக்கு விற்றது தெரியும். விற்காமல் போனது தெரியாது. அதனை அறிந்தவர் அங்கே நின்ற விற்பனைப் பெண் ஒருவர்தாம். "அண்ணாச்சி, இந்த நிறம் கேட்டு இன்றைக்கு நாலு பேர் திரும்பிப் போய்விட்டார்கள்" என்று மாலையில் அவர் வந்து சொன்னால், அடுத்த கொள்முதல் சரியாக அமையும். அவர் சொல்லாமலே இருந்துவிட்டால் கேட்பார் இல்லை. சொல்லாததற்காகச் சம்பளத்தைப் பிடிக்கவும் முடியாது. தொழில்கள் பல இவ்வாறு சொல்லப்படாத செய்திகளாலேயே மெல்ல நலிந்துபோகின்றன.

உலகெங்கும் இதுவே நிலை. பணியிடங்களை ஆண்டுதோறும் ஆராயும் கேலப் நிறுவனம் 2025-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகப் பணியாளருள் நூற்றுக்கு 21 பேரே தம் வேலையில் ஈடுபாடு உடையவர்கள். இதனைக் கேட்டவுடன், "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உழைக்கும் மனம் இல்லை" என்று சொல்வது நமக்கு எளிது. நான் அவ்வாறு கருதவில்லை. மனம் ஒன்றாமைக்குக் காரணத்தை ஆளிடம் தேடுவதற்கு முன், அவர் அமர்த்தப்பட்ட முறையில் தேட வேண்டும். முறை மாறினால் அதே ஆள் வேறு ஆளாகிவிடுகிறார் என்பதற்குச் சான்றுகள் உண்டு.

ஆட்கள் அவர்களே

நாகர்கோவிலிலிருந்து மருத்துவத்துக்கோ படிப்புக்கோ திருவனந்தபுரம் செல்வோர் தம்பானூரில் இறங்கியவுடன் ஒரு விந்தையான கட்டடத்தைக் காண்பார்கள். செங்கல் நிறத்தில், உருளை வடிவில், உள்ளே சுற்றிச் சுற்றி மேலேறும் சரிவுப் பாதையோடு அமைந்தது அது. கட்டியவர் லாரி பேக்கர். அதுதான் இந்தியன் காபி ஹவுஸ். அங்கே பீட்ரூட் சேர்ந்த மசால்தோசையும், விசிறித் தலைப்பாகை அணிந்த பரிமாறுநரும் நம்மில் பலருக்குப் பழக்கம். ஆனால் நமக்குப் பரிமாறுகிறவர் அந்த நிறுவனத்தின் உடைமையாளருள் ஒருவர் என்பதை அறிந்தவர் சிலரே.

அதன் வரலாறு இது. காபி பருகும் பழக்கத்தைப் பரப்புவதற்காகக் காபி வரிக் குழு 1936-ஆம் ஆண்டில் மும்பையில் முதல் நிலையத்தைத் திறந்தது. பின்னர்க் காபி வாரியத்தின் பொறுப்பில் நாடெங்கும் நிலையங்கள் பெருகின. 1950-களின் நடுவில், அவற்றை மூடிவிடுவது என்று வாரியம் முடிவு செய்தது. பரிமாறியவர், சமைத்தவர், பாத்திரம் துலக்கியவர் எல்லாரும் வேலையிழக்க நேர்ந்தது. அவ்வேளையில் ஏ. கே. கோபாலன் அவர்களைத் திரட்டி, நிலையங்களை நீங்களே ஏற்று நடத்துங்கள் என்று ஊக்கினார். 1957-ஆம் ஆண்டில் பெங்களூரில் முதல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. 1958-இல் திருச்சூரில் கேரளத்தின் முதல் நிலையம் திறக்கப்பட்டது. தொழிலாளர்களே உறுப்பினர்கள்; நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுப்பவர்களும் அவர்களே.

வாரியம் நடத்த வேண்டாம் என்று கைவிட்ட தொழிலை, வேலையிழந்த பரிமாறுநர்கள் எடுத்து நடத்தினார்கள். அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் கேரளத்தின் நகரங்களில் அது நடந்துவருகிறது. ஆட்கள் அவர்களே, காபியும் அதே காபி. மாறியது அவர்கள் நின்ற நிலை ஒன்றுதான். நேற்றுவரை, உடைந்த கோப்பை வாரியத்தின் கோப்பையாக இருந்தது. மறுநாள் அது தம் கோப்பை ஆயிற்று.

இவ்வாறு சிற்றுண்டிச் சாலை நடத்தலாம், பெருந்தொழில் நடத்த முடியுமா என்று கேட்பீர்கள். கோழிக்கோடு மாவட்டம் வடகரை அருகே ஊராளுங்கல் என்னும் ஊரில், வாக்படானந்தரின் வழிகாட்டுதலால் 1925-ஆம் ஆண்டில் கூலித் தொழிலாளர் சிலர் ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கினர். சிறு வேலைகளை ஒப்பந்தம் எடுப்பதே அவர்கள் நோக்கம். அச்சங்கம் இன்று நெடுஞ்சாலைகளையும் பாலங்களையும் கட்டுகிறது. கோழிக்கோட்டில் கணினிப் பூங்காவும் அமைத்திருக்கிறது. நூற்றாண்டைக் கடந்த பின்பும் அது தொழிலாளர் சங்கமாகவே இருக்கிறது.

எல்லாரும் தம் கடையைக் கூட்டுறவாக்கிவிட வேண்டும் என்பது என் கருத்தன்று. இச்சான்றுகள் காட்டும் உண்மை ஒன்றே போதும்: இது என்னுடையது என்னும் எண்ணம் ஒரு பரிமாறுநரின் நெஞ்சில் எழுந்தால், அதனால் ஒரு நிறுவனமே நிற்க முடியும். அவ்வெண்ணத்தில் ஒரு பங்கையேனும் நம் பணியாளரிடம் எழுப்ப என்ன செய்யலாம்?

மூன்று தேவைகள்

1990-ஆம் ஆண்டில் வில்லியம் கான் என்னும் அமெரிக்க அறிஞர், கோடைக்கால முகாம் ஒன்றின் பணியாளரையும் கட்டடக்கலை நிறுவனம் ஒன்றின் பணியாளரையும் ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். ஈடுபாடு பற்றிய பிற்கால ஆய்வுகளுக்கெல்லாம் அது அடிப்படையாயிற்று. மனிதர் தம்மை ஒரு வேலைக்கு முழுமையாகத் தருவதற்கு மூன்று வேண்டும் என்றார் அவர். செய்யும் வேலைக்குப் பொருள் உண்டு என்னும் உணர்வு ஒன்று. உள்ளதைச் சொன்னால் தீங்கு நேராது என்னும் துணிவு மற்றொன்று. தருவதற்கு உடலிலும் உள்ளத்திலும் வலிமை எஞ்சியிருப்பது மூன்றாவது. இவற்றை ஒவ்வொன்றாக நம் கண்ணால் பார்ப்போம்.

முதலில் பொருள் உணர்வு. நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு நெற்பருவங்கள் உண்டு. அறுவடையில் உழைத்தவர்க்குக் களத்திலேயே நெல்லாக அளக்கும் கூலியைக் கொத்து என்பர். அந்தப் பழைய வாழ்வில் இருந்த ஏற்றத்தாழ்வுகளை நான் மறைக்கவில்லை. ஆனால் ஒன்று: களத்தில் குவிந்த நெல்லும் தம் கூலியும் ஒரே பொருள் என்பதை உழைத்தவர் கண்முன் கண்டனர். தம் உழைப்பு எதுவாக மாறிற்று என்பது அவர்களுக்குத் தெரிந்தது. இன்று கணினி முன் அமர்ந்து, யாரோ அனுப்பிய பட்டியலை நிரப்பி, யாருக்கோ அனுப்பும் இளைஞனுக்கு அது தெரிவதில்லை. அவனுக்குச் சம்பளம் கூடுதலாக இருக்கலாம். தன் வேலை யாருக்குப் பயன்பட்டது என்பதை ஒருவரும் சொல்வதில்லை. அதைச் சொல்வதற்குப் பணச்செலவு இல்லை. இருந்தும் பெரும்பாலோர் சொல்வதில்லை.

தீபாவளிக்குத் தரும் போனஸையும் இங்கே எண்ணிப் பாருங்கள். 1965-ஆம் ஆண்டின் போனஸ் சட்டம், அதன் வரம்புக்குள் வரும் நிறுவனங்களுக்குக் குறைந்த அளவாக 8.33 விழுக்காட்டை வகுத்தது. அதாவது பன்னிரண்டு மாதச் சம்பளத்துக்கு ஏறத்தாழ ஒரு மாதச் சம்பளம். சட்டம் அதனை உழைத்தவர்க்கு உரிய பங்காகவே கருதியது. நாம் பல வேளைகளில் அதனைக் கொடையாக நினைத்து, கொடுப்பவர் முகத்தோடு கொடுக்கிறோம். பங்கு பெறுகிறவர் நிமிர்ந்து வாங்குகிறார். கொடை பெறுகிறவர் குனிந்து வாங்குகிறார். தொகை ஒன்றே, அவர்தம் மனத்தில் அது விளைக்கும் பயன் வேறு.

அச்சம் நீங்கிய இடம்

இரண்டாவது தேவை துணிவு. சென்னைப் பெரம்பூரில் பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் இருந்தன. தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியது அந்நிறுவனம். பிற ஆலைகளோடு ஒப்பிட அதன் உதவிகள் குறைந்தவை அல்ல. ஆயினும் தொழிலாளர்க்கு ஆற்றாமை இருந்தது. நண்பகல் உணவுக்குத் தந்த அரைமணி நேரம் போதவில்லை என்பது அவர்கள் குறைகளுள் ஒன்று. அதனை மேலிடத்தில் அச்சமின்றிச் சொல்ல வழியில்லை. அவர்கள் அதை யாரிடம் சொன்னார்கள் தெரியுமா? ஆலையருகே கடை நடத்திய இரு வணிகரிடம். செல்வபதி செட்டியார், இராமாநுஜுலு நாயுடு என்னும் அவ்விருவர் எடுத்த முயற்சியால், பி. பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு 1918-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. தமிழ்த்தென்றல் திரு. வி. க. அச்சங்கத்தில் முன்நின்று உழைத்தார். 1921-இல் அதே ஆலைகளில் மாதக்கணக்கில் நீண்ட வேலைநிறுத்தமும் நேர்ந்தது. இரு தரப்பும் பெரிதும் துன்புற்றன.

இங்கே நான் கருதுவது, கொடுப்பது வேறு, கேட்பது வேறு என்பதை. பள்ளி கொடுத்த நிர்வாகத்தின் காதில் விழாத சொல், ஆலை வாயிலில் கடை வைத்திருந்தவர் காதில் விழுந்தது. வணிகம் செய்யும் குடும்பத்தார் இந்நிகழ்ச்சியை இரு வகையில் எண்ணிப் பார்க்கலாம். செவி கொடுத்த அவ்விருவரும் வணிகரே என்று பெருமை கொள்ளலாம். நம் கடைப் பணியாளர் தம் குறையை இப்போது எந்தக் கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்றும் கேட்டுக்கொள்ளலாம்.

அச்சம் நீங்கினால் என்ன விளையும் என்பதற்கு அமெரிக்காவிலிருந்து ஒரு சான்று. கலிபோர்னியாவின் பிரீமாண்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துக்கு ஒரு கார் ஆலை இருந்தது. ஐவருக்கு ஒருவர் வேலைக்கு வராத நிலை அங்கே சாதாரணமாக இருந்தது. நிர்வாகத்துக்கும் தொழிலாளர்க்கும் ஓயாத பூசல். 1982-இல் ஆலை மூடப்பட்டது. 1984-இல் ஜப்பானின் டொயோட்டா நிறுவனத்தோடு கூட்டாக அதே ஆலை மீண்டும் திறக்கப்பட்டபோது, சேர்த்துக்கொள்ளப்பட்டவர்களுள் மிகப் பெரும்பாலோர் பழைய தொழிலாளரே. ஆனால் முறை புதிது. ஓடும் உற்பத்தி வரிசையில் பழுது ஒன்றைக் கண்டால், எந்தத் தொழிலாளியும் தம் அருகில் தொங்கும் கயிற்றை இழுத்து வரிசையையே நிறுத்தலாம். இழுத்தவரைக் கடிந்துகொள்வதில்லை, பழுதைக் காட்டியதற்காக நன்றி சொல்வார்கள். பணிக்கு வராதோர் தொகை நூற்றுக்கு இரண்டு மூன்று என்னும் அளவுக்குக் குறைந்தது. காரின் தரமும் உயர்ந்தது. அங்கேயும் ஆட்கள் அவர்களே.

'அச்சத்தை வெளியேற்றுங்கள்' என்பது எட்வர்ட்ஸ் டெமிங் என்னும் தர மேலாண்மை அறிஞரின் கொள்கைகளுள் ஒன்று. ஜப்பானியர் அவர் பெயரால் 1951 முதல் ஒரு பரிசு வழங்கிவருகிறார்கள். அப்பரிசை 1998-ஆம் ஆண்டில் சென்னைப் பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு பெற்றது. அது டி. வி. எஸ். குழுமத்தைச் சேர்ந்தது, அக்குழுமத்தை நிறுவிய டி. வி. சுந்தரம் ஐயங்கார் பிறந்த ஊர், ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்பால், மலையடிவாரத்தில் உள்ள திருக்குறுங்குடி. பொறியில் நாள்தோறும் கை வைப்பவருக்கே அப்பொறியின் குறை முதலில் தெரியும் என்பது இத்தர முறையின் அடிப்படை. அவர் வாய் திறப்பதற்கு இடம் தராத ஆலையில், எத்தனை விலையுயர்ந்த பொறி இருந்தும் தரம் உயராது.

உட்கார ஓர் இருக்கை

மூன்றாவது தேவை, தருவதற்கு வலிமை எஞ்சியிருத்தல். துணிக்கடையிலும் நகைக்கடையிலும் காலையில் நுழைந்து இரவில் வெளியேறும் பெண்களை நினைத்துப் பாருங்கள். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் நின்றுகொண்டே இருக்க வேண்டும் என்பது எழுதப்படாத விதியாக நெடுங்காலம் இருந்தது. கோழிக்கோட்டில் விஜி என்னும் தையல் தொழிலாளி, கடைப் பெண்களைத் திரட்டி இதற்காகப் போராடினார். கழிப்பறை வேண்டும் என்று கேட்டுத் தொடங்கிய இயக்கம் அது. 2018-இல் கேரள அரசு கடைகள் சட்டத்தைத் திருத்தியது. 2021-இல் தமிழ்நாடும் அவ்வழியில், பணியாளர் அனைவர்க்கும் இருக்கை வசதி தர வேண்டும் என்று தன் சட்டத்தைத் திருத்தியது.

ஒரு முக்காலி போடுவதற்குச் சட்டமன்றம் கூட வேண்டியிருந்தது என்பதை நினைக்க எனக்கு வருத்தமாக இருக்கிறது. வணிகக் கண்ணோடு பார்த்தாலும் அது தவறான சிக்கனம். ஒரு நாள் முழுதும் நின்று கால் வீங்கிய பெண், மாலை ஏழு மணிக்கு வரும் வாடிக்கையாளரிடம் எவ்வாறு முகமலர்ச்சியோடு பேசுவார்? அன்றைய விற்பனையில் பெரும்பங்கு மாலையில்தான் நடக்கிறது. முக்காலியை மறுத்தவர் தம் மாலை வியாபாரத்தையே மறுத்தவர் ஆகிறார்.

ஈடுபாடு என்று பேசுவது, சம்பளத்தை உயர்த்தாமல் தப்பித்துக்கொள்ளும் வழியாகவும் அமைந்துவிடக் கூடாது. ஹென்றி போர்டின் கதை இதற்குச் சான்று. 1913-ஆம் ஆண்டில் அவர் ஆலையில் ஏறத்தாழ 14,000 பேரை வேலையில் வைத்திருக்க, ஆண்டு முழுதும் 50,000-க்கு மேற்பட்டோரைப் புதிதாகச் சேர்க்க வேண்டியிருந்தது. வந்தவர் அவ்வளவு விரைவில் ஓடினர். 1914 சனவரி 5-ஆம் நாள், எட்டு மணி நேர வேலைக்கு ஐந்து டாலர் என்று அவர் அறிவித்தார். பழைய கூலியைப் போல் அது இரு மடங்கு. ஓட்டம் நின்றது. நியாயமான ஊதியம் அடித்தளம். அதன்மேல்தான் மற்றவை எல்லாம். அடித்தளம் இல்லாமல் எழுப்பிய பாராட்டு மாளிகை முதல் மழைக்கே சரியும்.

ஈடுபாடு இருந்தால் மட்டும் போதும் என்றும் நான் சொல்ல வரவில்லை. காபி நிலையங்கள் சில ஊர்களில் மூடப்பட்டன. பிரீமாண்ட் ஆலையும் ஜெனரல் மோட்டார்ஸ் விலகிய பின் 2010-இல் நின்றுபோயிற்று. சந்தையும் முதலும் காலமும் தத்தம் வேலையைச் செய்யவே செய்யும். ஆயினும் நெருக்கடி வரும் நாளில் முதலாளியோடு நின்று தோள் கொடுப்பவர் யார், அன்றே வேறு வேலை தேடிப் போகிறவர் யார் என்பதை, நெருக்கடி இல்லாத நாள்களில் நாம் நடந்துகொண்ட முறைதான் முடிவு செய்கிறது.

நம் இல்லங்களுக்கு

இங்கே அமர்ந்திருப்போருள் சிலர் நாலைந்து பேரை வைத்துக் கடை நடத்துகிறீர்கள். சிலர் நிலத்தில் ஆள் வைத்துப் பயிர் செய்கிறீர்கள். உங்களுக்குப் பெரிய ஆய்வுகள் வேண்டியதில்லை. சம்பள நாள் தவறாதிருக்கட்டும். தவற்றைத் தனியே அழைத்துச் சொல்லுங்கள்; வாடிக்கையாளர் முன்னிலையில் கடிந்த ஒரு சொல் பத்து ஆண்டு உறவை அறுத்துவிடும். மாலையில் கடையைச் சாத்தும்முன் ஐந்து நிமிடம், "இன்றைக்கு எதைக் கேட்டு யார் திரும்பிப் போனார்கள்?" என்று கேளுங்கள். கேட்டதில் ஒன்றையேனும் அவ்வாரத்துக்குள் செய்து காட்டுங்கள். கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாதிருப்பது, கேளாதிருப்பதைவிடத் தீமை விளைக்கும். ஆராய்ந்து ஒருவரை அமர்த்திய பின் அவ்வேலையை அவரிடமே விட்டுவிட வேண்டும் என்பது வள்ளுவர் தெரிந்துவினையாடல் அதிகாரத்தில் வற்புறுத்தும் கருத்து. அரசர்க்குச் சொன்ன அறிவுரை அரிசிக்கடைக்கும் ஆகும்.

நம் வீட்டில் துணை செய்ய வரும் அம்மையாரையும் இக்கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவருக்கும் ஓர் இருக்கையும் ஒரு பெயரும் உண்டு.

இளைஞர்களே, உங்களுள் பெரும்பாலோர் பணியாளர்கள். சென்னையிலும் பெங்களூரிலும் அயல்நாட்டிலும் பிறர் நிறுவனத்தில் வேலை செய்கிறீர்கள். இவ்வளவும் முதலாளிக்குச் சொன்னவை என்று எண்ணிவிடாதீர்கள். உங்கள் கீழ் இருவர் வேலை செய்யத் தொடங்கும் நாளில், அவ்விருவர்க்கும் நிறுவனம் என்பது நீங்கள்தாம். மேலிருப்பவர் உங்கள் சொல்லைக் கேட்கவில்லை என்று வருந்தும் அதே மாலையில், கீழிருப்பவர் சொன்னதை நீங்கள் கேட்டீர்களா என்று நினைத்துப் பாருங்கள். எங்கே மதிப்பில்லையோ அங்கே உங்கள் இளமையைச் செலவிட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். எங்கே மதிப்பு இருக்கிறதோ, அங்கே யாரும் பாராத வேளையிலும் பட்டையில் காயம் படாமல் கத்தி வையுங்கள்.

கூலி கொடுத்தால் கை வரும். செவி கொடுத்தால் சொல் வரும். பங்கு கொடுத்தால் மனம் வரும். மூன்றும் சேர்ந்து வந்த இடத்தில்தான் இருவர்க்கும் ஊதியம் உண்டு.